பூச்சி மாத்திரைக்கு முன்னால் ஸ்கேன்: உடலெங்கும் பரவிய நாடாப்புழுக் கட்டிகள்

வாசகர் கேள்வி: என் தம்பிக்கு வயது 31. ஒரு வருடத்தில் இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. மூன்று வருடமாகத் தொடையும் கெண்டைக்காலும் பருத்துக்கொண்டே போகின்றன. அவன் உடற்பயிற்சி செய்கிற ஆளும் இல்லை. கை, மார்பு, முதுகில் தோலுக்கடியில் பட்டாணி போல உருண்டைகள் இருக்கின்றன, வலி இல்லை. தொடை எக்ஸ்ரேயில் அரிசி மணி மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. தலை சி.டி.யில் 'நிறைய சிறு கட்டிகள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் நாடாப்புழுவின் குஞ்சுகள் உடல் முழுக்கப் பரவியிருக்கின்றன என்று சொல்லி மூளை எம்.ஆர்.ஐ., கண் பரிசோதனை, தசை ஸ்கேன், முழுவுடல் எம்.ஆர்.ஐ. எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படி இது வரும்? பூச்சி மாத்திரைதான் மருந்து என்றால் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா? இத்தனை ஸ்கேன் தேவையா? பெட் ஸ்கேனும் எடுக்கச் சொல்லி உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார்.
கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி

கதிரியக்க மருத்துவரின் பதில்:

மூளை எம்.ஆர்.ஐ.யும் கண் பரிசோதனையும் முடியும்வரை தம்பிக்குப் பூச்சி மாத்திரை ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே அல்பெண்டசோல்தான் இந்த நோய்க்கும் மருந்து என்பது சரி. குடலில் இருக்கும் பூச்சியைக் கொன்றால் அது மலத்தோடு போய்விடும். மூளைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் இருப்பது செத்தால் போக வழியில்லை. உயிரோடு இருக்கும்வரை அந்தக் குஞ்சுப்புழு நம் உடலின் எதிர்ப்புச் சக்திக்குப் பிடிகொடுக்காமல் ஒரு நீர்ப்பைக்குள் சுருண்டு கிடக்கும். சுற்றிலும் வீக்கம்கூட இருக்காது. சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. வீக்கம் அப்போதுதான் வருகிறது, வலிப்பும் பெரும்பாலும் அப்போதுதான். மூளையில் ஒன்றிரண்டு கட்டி இருப்பவருக்கு இந்த வீக்கம் சமாளிக்கக் கூடியது. நூற்றுக்கணக்கில் இருப்பவருக்கு மாத்திரையால் எல்லாம் ஒரே வாரத்தில் சாகத் தொடங்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கண்ணுக்குள் ஒரே ஒரு கட்டி இருந்து அது செத்தாலும் பார்வை போகலாம். ஆகவே எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா செத்ததா என்ற மூன்றும் தெரியாமல் மருந்தைத் தொடக்கூடாது. ஸ்கேன் எடுப்பது நோய்க்குப் பெயர் வைக்க மட்டும் அல்ல.

வலிப்பு மருந்து வேறு கதை. அதை ஒரு வேளைகூட விடக்கூடாது. எம்.ஆர்.ஐ.க்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று காலை மாத்திரையையும் சேர்த்து விட்டுவிட்டு, ஸ்கேன் அறையிலேயே வலிப்பு வருவது நடக்கிற விஷயம். ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். வலிப்பு நோயாளி என்பதை டெக்னீஷியனிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி சைவம் பற்றி. இதில் படித்தவர்களுக்கும் குழப்பம் உண்டு. சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் குஞ்சுப்புழுவைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். அது ஒரு நோய். அந்த நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், முட்டை பொரிந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறித் தசை, மூளை, கண், தோலடி என்று போய்க் கட்டியாகும். இது இரண்டாவது நோய். சிஸ்டிசெர்கோசிஸ் என்பது இதுதான். உங்கள் தம்பிக்கு வந்திருப்பதாகச் சந்தேகப்படுவதும் இதுவே. இதற்குக் கறி தின்ன வேண்டியதில்லை. முட்டை ஒட்டிய பச்சைக் காய், கீரை, தண்ணீர் அல்லது சமைப்பவரின் கழுவாத கை போதும். சைவம் என்பதால் இந்த நோய் இருக்காது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்த நோய் நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. இந்தியாவில் மூளையில் சிஸ்டிசெர்கோசிஸ் முதலில் பதிவானது 1888இல், சென்னையில் ஒரு கூலித் தொழிலாளியின் பிரேதப் பரிசோதனையில். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் பெரும்பான்மையாக இருந்த 450 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1961இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. முட்டை உள்ளே போனதற்கும் முதல் வலிப்புக்கும் இடையே பெரும்பாலும் பல ஆண்டுகள் ஓடியிருந்தன என்பது அதிலிருந்துதான் தெளிவாயிற்று. சி.டி. இல்லாத அந்தக் காலத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுத்த முக்கியமான சாட்சிகளில் ஒன்று தம்பிக்கு எடுத்தீர்களே, அதே தொடை எக்ஸ்ரேதான்.

அந்த எக்ஸ்ரேயிலிருந்தே தொடங்கலாம். தசைக்குள் இருக்கும் கட்டி செத்துப் பல ஆண்டு கழித்துச் சுண்ணாம்பேறினால்தான் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். தசை நார்கள் இரு பக்கமும் நெருக்குவதால் அது உருண்டையாக இல்லாமல் நெல்மணி போல நீண்டிருக்கும். எல்லா மணிகளும் தசை நார் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். இந்தத் திசைதான் முக்கிய அடையாளம். இரத்தக் குழாய்களில் விழும் சுண்ணாம்புக் கற்கள் உருண்டையாக, நடுவில் வெளிறிய புள்ளியோடு இருக்கும். நரம்புச் சிலந்திப் புழு செத்துச் சுண்ணாம்பேறினால் நீண்ட கயிறு போலவோ சுருள் போலவோ தெரியும். தொடையின் நேர் படம், பக்கவாட்டுப் படம் இரண்டும் இருந்தால் மணிகள் தசைக்குள்ளா, தோலடியிலா என்று சொல்லிவிடலாம்.

எக்ஸ்ரே ஒன்றை மட்டும் காட்டாது: உயிரோடு இருப்பதை. உயிருள்ள கட்டியில் இருப்பது தண்ணீர்; தண்ணீரும் தசையும் எக்ஸ்ரேயில் ஒரே சாம்பல் நிறம்தான். எனவே வேறு யாருக்காவது இந்தச் சந்தேகத்தில் எக்ஸ்ரே எடுத்து 'நார்மல்' என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. உங்கள் தம்பிக்கு மணிகளும் இருக்கின்றன, கால் பருத்துக்கொண்டும் போகிறது. அதாவது செத்துப்போன பழைய கட்டிகளோடு உயிருள்ள கட்டிகளும் தசையை நிறைத்திருக்கக்கூடும். உடற்பயிற்சி இல்லாமலே பயில்வான் கால் போல ஆவது இந்த நோய் பெருமளவில் பரவியதன் பேர்பெற்ற அடையாளம்.

உயிருள்ளதைத் தசையில் பார்க்க மலிவான வழி அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, தாலுகா ஊரிலேயே எடுத்துவிடலாம். ஆனால் வயிற்றுக்கு வைக்கும் வளைந்த கருவியை வைத்துப் பார்த்தால் பயன் இல்லை. தைராய்டுக்கும் இரத்தக் குழாய்க்கும் பயன்படுத்துகிற நேர் முனைக் கருவி, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், முடிந்தால் 12 அல்லது 15 வேண்டும். தோலடி உருண்டையின் மேல் ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, அழுத்தாமல் வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் அளவில் கருப்பு நீள்வட்டப் பை தெரியும். அதன் சுவரில் ஒரு பக்கமாக ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதுதான் புழுவின் தலை. பையும் தலையும் சேர்ந்து தெரிந்தால் வேறு எந்தக் கட்டியோடும் குழம்ப வேண்டியதில்லை. கொழுப்புக் கட்டியோ நரம்புக் கட்டியோ இப்படித் தெரியாது. குழப்பம் வருவது சாகத் தொடங்கிய கட்டியில்தான். பை கசிந்து, சுற்றிலும் சீழ்க்கட்டி போலக் கலங்கலாக இருக்கும், தலையும் தெரியாமல் போகலாம். அப்போது அந்த இடத்தோடு நின்றுவிடாமல் பக்கத்து உருண்டைகளையும் பார்க்கச் சொல்லவேண்டும். இத்தனை கட்டி உள்ளவருக்குத் தலை தெளிவாகத் தெரிகிற ஒன்றாவது கிடைத்துவிடும். அப்படியே மேற்கை, மார்புச் சுவர், தொடை, கெண்டைக்கால், தாடைத் தசை, நாக்கு ஆகியவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகாது. தோலடி உருண்டை ஒன்றை மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால் நோயின் பெயர் பற்றிய வாதம் அதோடு முடிந்துவிடும். மூளையைத் தொட வேண்டிய தேவையே வராது. காசநோயா, புழுவா என்ற உங்கள் தவிப்புக்கு மிகக் குறுகிய வழி இதுதான்.

அடுத்தது கண். இதை ஸ்கேன் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள், பாதிக்கு மேல் கண் மருத்துவரின் கையிலேயே முடிந்துவிடும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தால் அதன் அடியிலோ கண்ணின் ஜெல்லுக்குள்ளோ இருக்கும் நீர்ப்பை நேரடியாகத் தெரியும். சிலசமயம் அது அசைவதுகூடத் தெரியும். கண் கலங்கலாக இருந்து உள்ளே தெரியாவிட்டால் பி-ஸ்கேன் எனும் கண் அல்ட்ராசவுண்ட் எடுக்கவேண்டும். கண்ணை அசைக்கும் தசைகளுக்குள் இருப்பதைக் கண் மருத்துவரின் விளக்கு காட்டாது. அதற்குத்தான் மூளை எம்.ஆர்.ஐ.யோடு கண் குழிகளையும் சேர்த்து எடுக்கச் சொல்வது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக் காரணம், சிகிச்சை வேறு வேறு என்பதே. கண்ணின் தசையில் இருந்தால் ஸ்டீராய்டு பாதுகாப்போடு மாத்திரை கொடுக்கலாம். கண் உருண்டைக்குள் இருந்தால் மாத்திரை கிடையாது, முதலில் அறுவை சிகிச்சைதான்.

மூளைக்கு வருவோம். ஏற்கெனவே சி.டி. எடுத்தாயிற்றே, மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சுண்ணாம்பேறிய புள்ளிகளை எண்ணுவதில் சி.டி. கெட்டி. உயிருள்ள கட்டியையும் அதன் தலையையும் காட்டுவதில், மண்டையோட்டின் அடிப்பகுதி, சிறுமூளை, மூளையின் நீரறைகள் ஆகிய இடங்களைப் பார்ப்பதில் எம்.ஆர்.ஐ. கெட்டி. சி.டி.யில் எலும்பின் நிழல் விழுந்து மறையும் இடங்கள் இவைதான். மருத்துவ வழிகாட்டுதல்களும் இந்த நோய்க்கு இரண்டையும் எடுக்கவே சொல்கின்றன.

கையில் இருக்கும் சி.டி. உறையை எடுத்துப் பாருங்கள். படத்தைத் துலக்கிக் காட்டும் ஊசி மருந்து போடாமல் எடுத்ததா, போட்டு மட்டும் எடுத்ததா? ஊசி போட்டு எடுத்த படம் மட்டும் இருந்தால் வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பா, மருந்தை உறிஞ்சிப் பளிச்சிடும் உயிருள்ள வீக்கமா என்று சொல்ல வழியில்லை. அப்படியானால் ஊசி இல்லாமல், 1 மி.மீ. தடிமனில் சி.டி. மறுபடி தேவைப்படலாம். தலை சி.டி. ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. ஏறக்குறைய ஓராண்டில் நாம் இயற்கையிலிருந்தே வாங்கிக்கொள்ளும் அளவு. ஒரு முறைக்குப் பயப்பட வேண்டியதில்லை, மாதாமாதம் எடுக்கவும் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது சீட்டில் வெறுமனே 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று இருந்தால் பல இடங்களில் 5 மி.மீ. தடிமனில் வழக்கமான படங்களோடு முடித்துவிடுவார்கள். புழுவின் தலை 2 முதல் 4 மி.மீ.தான். 5 மி.மீ. துண்டில் அது பக்கத்து நீரோடு கலந்து மறைந்துவிடும். 'தலை தெரியவில்லை' என்று எழுதப்படும் அறிக்கைகள் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும். எனவே சந்தேகம் சிஸ்டிசெர்கோசிஸ் என்று சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். டி1, டி2, ஃபிளேர், டிஃப்யூஷன் ஆகிய வழக்கமானவற்றோடு இரண்டு கூடுதல் படங்கள் வேண்டும். ஒன்று, 1 மி.மீ.க்குக் குறைந்த மெல்லிய முப்பரிமாணப் படம். இயந்திரத்தின் கம்பெனியைப் பொறுத்து இதைச் 'சிஸ்' என்றோ 'ஃபியெஸ்டா' என்றோ சொல்வார்கள். இரண்டாவது, சுண்ணாம்பைக் கரும்புள்ளியாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படம், இது இல்லாத எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பேறிய கட்டிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். கடைசியாகக் கடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் படம். அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், மி.லி.க்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ள வழக்கமான மருந்தென்றால் 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. முன்கூட்டியே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்து அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் ஊசி போடாமலே திருப்பி அனுப்புவார்கள், மறுநாள் மறுபடி அலைச்சல். மொத்தம் 40 நிமிடமாவது அசையாமல் படுக்கவேண்டும். தலை ஓரிரு மில்லிமீட்டர் அசைந்தாலே புழுவின் தலை கலைந்துவிடும்.

படத்தில் என்ன பார்ப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவும். கட்டிக்கு நான்கு பருவங்கள். முதல் பருவத்தில் மெல்லிய சுவர், உள்ளே மூளைத் தண்ணீர் போலவே தெளிந்த நீர், சுவரில் ஒட்டிய ஒரு புள்ளி. குழிக்குள் புள்ளி வைத்தாற்போல இருக்கும். சுற்றிலும் வீக்கம் இல்லை, ஊசி மருந்தையும் உறிஞ்சாது. இது உயிரோடு, நிம்மதியாக இருக்கும் புழு. இரண்டாவது பருவத்தில் உள்ளிருக்கும் நீர் கலங்கிக் கெட்டியாகும். ஃபிளேர் படத்தில் தெளிந்த நீர் கருப்பாக அடங்கும், கலங்கிய நீர் அடங்காது. சுவர் வளையமாக மருந்தை உறிஞ்சிப் பளிச்சிடும், சுற்றிலும் வெள்ளையாக வீக்கம். புழு சாகிறது என்று பொருள், வலிப்புக்கு உரிய காலம். மூன்றாவதில் பை சுருங்கிச் சிறு முடிச்சாகும், வீக்கம் வடியத் தொடங்கும். நான்காவதில் சுண்ணாம்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். ஒரே மூளையில் நான்கு பருவமும் கலந்திருப்பது சாதாரணம். ஒரே நாளில் போன முட்டைகளில் பிறந்த புழுக்களும் வெவ்வேறு காலத்தில் சாகலாம், பல தடவை முட்டை உள்ளே போயிருக்கவும் கூடும். படத்தை வைத்து இதில் எது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை மிகுந்தால் மூளை முழுக்க நட்சத்திர வானம் போலத் தெரியும். அறிக்கைகளில் இந்த உவமையை அடிக்கடி பார்க்கலாம்.

கட்டி இருக்கும் இடத்துக்கு எண்ணிக்கையைவிடக் கூடுதல் கவனம் தேவை. நீரறைக்குள் இருக்கும் கட்டியின் நீரும் நீரறையின் நீரும் ஒரே நிறம் என்பதால், மேலே சொன்ன மெல்லிய முப்பரிமாணப் படம் இல்லாமல் பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நோயாளி தலையை ஒரு பக்கம் திருப்பும்போது அந்தக் கட்டி நீர் வழியை அடைத்துவிட்டால் திடீர் மயக்கம் வரும். மூளையின் அடிப்பகுதி இடைவெளிகளில் தலையே இல்லாமல் திராட்சைக் கொத்துப் போலப் பரவும் வகையும் உண்டு. அது இருந்தால் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் சிகிச்சை முறையே மாறிவிடும்.

காசநோய்க் கட்டி என்று சொன்ன டாக்டரைக் குறை சொல்லவேண்டாம். வளையமாகப் பளிச்சிடும் சிறு கட்டியை இந்தியாவில் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்த காலம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ராஜசேகர், சாண்டி ஆகியோர் அத்தகைய கட்டிகளின் திசுவை எடுத்துப் பார்த்து, பல நோயாளிகளுக்கு அது செத்துக்கொண்டிருக்கும் புழுதான் என்று காட்டினார்கள். ஒற்றைக் கட்டியாக இருந்தால் சி.டி.யில் 20 மி.மீ.க்குக் குறைவு, மூளையின் நடுக்கோடு நகரவில்லை, நரம்புக் குறைபாடு கூடிக்கொண்டு போகவில்லை, மண்டை அழுத்தம் பெரிதாக இல்லை என்பவை சேர்ந்தால் புழுவின் பக்கமே சாயவேண்டும் என்ற அளவுகோல் அங்கே பிறந்ததுதான். உங்கள் தம்பிக்கு இதைவிட வலுவான சாட்சி இருக்கிறது: தசையில் நெல்மணிகள். காசநோய் தொடைத் தசையை அப்படி நிரப்பாது. தசைப் படத்திலோ மூளைப் படத்திலோ ஒரு கட்டியிலாவது தலை தெளிவாகத் தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வியை மூடிவிடலாம். தெரியாமல் போனால், கட்டிக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை வரைகோடாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி கைகொடுக்கும், காசநோய்க் கட்டியில் அந்தக் கோட்டில் கொழுப்பின் உச்சி உயர்ந்து நிற்கும். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்துவிடுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் மறைந்திருக்கும் காசநோய் கிளம்பிவிடாமல் பார்க்க அது எப்படியும் தேவைப்படும். மூளையில் அழுத்தம் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் முதுகுத்தண்டில் நீர் எடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை போதாதா என்றால், இம்யூனோபிளாட் எனும் பரிசோதனை நிறைய உயிருள்ள கட்டி இருப்பவருக்கு நன்றாகக் காட்டும். ஒற்றைக் கட்டியிலும் சுண்ணாம்பேறியவற்றிலும் கைவிட்டுவிடும். சாதாரண எலைசா இன்னும் நம்பிக்கைக் குறைவு. எங்கே, எத்தனை என்று எந்த இரத்தமும் சொல்லாது.

இப்போது முழுவுடல் எம்.ஆர்.ஐ. 'ஸ்டிர்' என்ற முறையில் தலையிலிருந்து பாதம் வரை நான்கைந்து கட்டமாக எடுத்து ஒட்டுவார்கள். கொழுப்பு கருப்பாக அடங்கி, நீர்ப்பைகள் மட்டும் வெள்ளையாக எரியும். தொடைத் தசை முழுவதும் வெள்ளை நெல் கொட்டினாற்போல ஒரே படத்தில் தெரியும். நாக்கு, இதயத் தசை, நுரையீரல், முதுகெலும்பைச் சுற்றிய தசைகள் வரை பரவல் எவ்வளவு என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனாலும் பணம் நெருக்கடியாக இருந்தால் கடைசியாக விடவேண்டியது இதுதான் என்பேன். தசையில் 200 கட்டியா 500 கட்டியா என்பதால் சிகிச்சை பெரிதாக மாறாது. நிறைய இருக்கிறது என்பது பருத்த காலிலும் எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசவுண்டிலும் ஏற்கெனவே தெரிந்துவிடும். மூளை எம்.ஆர்.ஐ., ஊசியில்லாத சி.டி., கண் பரிசோதனை மூன்றும் விடக்கூடாதவை. அதற்கடுத்துத் தசை அல்ட்ராசவுண்டும் ஒரு உருண்டையின் திசுப் பரிசோதனையும். படபடப்பு, மூச்சிரைப்பு இருந்தால் இதயத்துக்கு எக்கோ. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இவை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும், நரம்பியல், கண் பிரிவுகளும் அங்கேயே இருக்கும். அங்கே போவது அலைச்சலையும் செலவையும் குறைக்கும். பெட் ஸ்கேன் தேவையில்லை. உயிருள்ள நீர்ப்பைகள் அதில் பெரும்பாலும் தெரிவதில்லை, சாகிறவை இலேசாக மின்னும். கடைசியில் பரவிய புற்றுநோயோ என்ற புதுப் பயம்தான் மிஞ்சும்.

அறிக்கை வந்ததும் சில விஷயங்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டிகள் எத்தனை, அல்லது எண்ண முடியாத அளவா, எந்தெந்தப் பருவத்தில் எத்தனை, நீரறைக்குள்ளோ அடிப்பகுதி இடைவெளியிலோ ஏதாவது உண்டா, நீரறைகள் விரிந்திருக்கின்றனவா, மூளையில் பரவலான வீக்கம் உண்டா, கண் குழிகள் எப்படி. 'பல கட்டிகள், சிஸ்டிசெர்கோசிஸ் ஆக இருக்கலாம்' என்று ஒரு வரியோடு முடிந்திருந்தால் கதிரியக்க மருத்துவரிடமே போய் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது தவறே இல்லை. படங்களைப் பிலிமாக மட்டும் வாங்காமல் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். முப்பரிமாணப் படத்தில் இருநூறு துண்டு இருக்கும், பிலிமில் இருபது அச்சடித்துக் கொடுப்பார்கள், தலை தெரிகிற துண்டு அந்த இருபதில் இல்லாமல் போகலாம்.

சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். ஸ்கேன் அவருக்கு எதைச் சொல்லும் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். எல்லாமே சுண்ணாம்பாகிவிட்டிருந்தால் பூச்சி மாத்திரையால் பயன் கிடையாது, வலிப்பு மருந்து மட்டுமே. இரண்டுக்கு மேற்பட்ட உயிருள்ள கட்டிகள் இருந்து, மூளையில் அழுத்தம் இல்லை, கண்ணும் சுத்தம் என்றால் வழக்கமாக அல்பெண்டசோல் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. இரு வேளையாக, கூடவே பிராசிகுவாண்டல் எனும் இன்னொரு பூச்சி மருந்து கிலோவுக்கு 50 மி.கி., 10 முதல் 14 நாள். அதற்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கியிருக்கவேண்டும். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை 400 மி.கி. மாத்திரையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூளை முழுக்க வீங்கி அழுத்தம் ஏறியிருந்தால் பூச்சி மருந்தே கொடுக்காமல் ஸ்டீராய்டால் வீக்கத்தை அடக்குவதுதான் முறை. உங்கள் தம்பி போல் உடலெங்கும் பரவியவர்களுக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா, எப்போது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. கொடுப்பதென்றால் மருத்துவமனையில் சேர்த்து, கண்காணிப்பில்தான். இதற்கிடையில் ஓயாத தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், தூக்கக் கலக்கம் போன்ற மயக்கம், 5 நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு இவற்றில் ஏதாவது வந்தால் தேதி கொடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து முடிந்தபின் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து நீர்ப்பைகள் மறையும்வரை பார்ப்பார்கள். அதே இயந்திரத்தில், அதே படங்களை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். பழைய படங்கள் உள்ள குறுந்தட்டை ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். சுண்ணாம்புப் புள்ளிகள் மறையாது, அவற்றைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்க வேண்டாம். ஆண்டுகள் கழித்து வலிப்பு மீண்டும் வந்தால், அந்தப் புள்ளிகளில் ஒன்றைச் சுற்றித் தற்காலிக வீக்கம் வந்திருக்கிறதா என்று ஃபிளேர் படத்திலும் ஊசிப் படத்திலும் பார்க்கவேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முட்டை எங்கிருந்தோ வந்திருக்கிறது. அது வீட்டிலேயே யாரோ ஒருவரின் குடலில் இருக்கும் நாடாப்புழுவாகவும் இருக்கலாம், தம்பியின் குடலிலேயேகூட இருக்கலாம். வீட்டில் உள்ளவர்களும், வீட்டில் சமைப்பவர் வெளியாள் என்றால் அவரும், வெவ்வேறு நாளில் மூன்று மல மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கவேண்டும். மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு போல ஏதாவது போனதுண்டா என்றும் கேளுங்கள். கூச்சத்தால் பலர் சொல்வதில்லை. யாருக்காவது இருப்பது தெரிந்தால் அவருக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். குடலிலிருந்து உடலுக்குள் ஏறாத நிக்ளோசமைடு போன்ற மருந்தை அவர்கள் விரும்பக் காரணம், அந்த ஆளின் மூளையிலும் தெரியாமல் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான்.